தகரப் பக்க எஞ்சின்

எண்ணெய்க் கோட்டான்கள் கிளப்பில் மொத்தம் பதின்மூன்று உறுப்பினர்கள். ஆயில்டேலின் எண்ணெய்க் கிணறுகளில் பம்பு பார்த்தவர்கள், குழாய் இறக்கியவர்கள், லாரி ஓட்டியவர்கள். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், ஆனால் அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டைக் கழற்றி, உயரத்தைக் குறைத்து, எஞ்சினைக் கிண்டிக் கிளறி ஹாட் ராட் ஆக்கி ஓட்டுவதுதான் அவர்களுக்கு உலகம். ஒவ்வொருவர் காரின் பின்னாலும் அலுமினியத்தில் வார்த்த கோட்டான் தகடு ஒன்று தொங்கும். அந்தத் தகடு இருந்தால்தான் கூட்டத்தில் கை தூக்கலாம்.

எர்லீன் ஸ்டோவாலிடம் தகடு கிடையாது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக ஒரு கூட்டம்கூடத் தவறியதில்லை. கணவர் டுவைட் உறுப்பினர், இவள் உறுப்பினரின் மனைவி. டுவைட்டின் காருக்கு டைமிங் வைத்ததும் கார்பரேட்டரைச் சரிசெய்ததும் இவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பாராட்டியதெல்லாம் இவள் கொண்டுவரும் உருளைக்கிழங்கு சாலடைத்தான். டுவைட் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய தகட்டை வழக்கப்படி கழற்றி கிளப் சுவரில் மாட்டினார்கள். சாலடை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வருஷா வருஷம் ஏப்ரலில் கிளப் முழுக்க கிளென்வில்லுக்கு மலையேறும். அங்கே எங்கே சாப்பிடுவது என்று ஒரு சனிக்கிழமை ஓட்டெடுப்பு நடந்தது. மேலேயே ஓக் மரத்தடியில் சாப்பிடலாம் என்றது ஒரு கட்சி. கீழே இறங்கிவந்து, அந்தக் காலத்தில் ஆடு மேய்க்க வந்து தங்கிவிட்ட பாஸ்க்காரர்கள் நடத்தும் ஹோட்டலில் நீள மேஜை போட்டு, ஊறவைத்த மாட்டு நாக்கும் ஆட்டுக்கறியும் ஒரு பிடி பிடிக்கலாம் என்றது இன்னொரு கட்சி. ஹோட்டல் என்றால் சாலட் சுமக்க வேண்டாம். எர்லீனின் கை தானாக எழுந்துவிட்டது.

தலைவர் பர்ல் ஹாட்ச்சர் பென்சிலை நீட்டி ஹோட்டல் கட்சியின் கைகளை எண்ணினார். "நாலு, அஞ்சு..." பென்சில் எர்லீனின் கைக்கு வந்தது. நிற்காமல் தாண்டி அடுத்த கைக்குப் போனது. "ஆறு. மரத்தடிக்கு ஏழு. அப்ப மரத்தடிதான்."

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்று செய்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் நாற்காலிகளை மடக்கும்போது பர்லிடம் போனாள்.

"நான் மெம்பராகணும்னா என்ன பண்ணணும்?"

பர்ல் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "வேண்டாம்னு யாரும் சொல்லலியே, கண்ணு. ஆம்பளைங்க மட்டும்னு ரூல் ஒண்ணும் கிடையாது. இதுவரைக்கும் எந்தப் பொம்பளையும் கேட்டதில்ல, அவ்வளவுதான்."

"இப்ப ஒருத்தி கேக்கறாள்ல?"

"கேட்டா, ரூல்படி வா. எஞ்சின் நாப்பத்தொம்பதாம் வருஷத்துக்கு முந்தினதா இருக்கணும். உன் கையாலயே மாட்டியிருக்கணும். ஏப்ரல் முதல் சனிக்கிழமை கிளென்வில் வரைக்கும் வண்டி தானா ஏறணும். கட்டி இழுத்தா செல்லாது. ரெண்டு வாய்ப்புதான், மூணாவது கிடையாது."

உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் ஒர்க்‌ஷாப் வகுப்பை மூடியபோது, பாதி வேலையில் நின்றுபோன ஒரு காரை விற்றார்கள். இருபத்தொன்பதாம் வருஷத்து ஃபோர்டு, கூரையில்லாத ரோட்ஸ்டர். அதே பள்ளிக்குத்தான் எர்லீன் இருபத்தேழு வருஷமாக ஒன்பதாம் நம்பர் பேருந்து ஓட்டுகிறாள். காரை வாங்கி, அதோடு வந்த நாலு சிலிண்டர் எஞ்சினையே துடைத்து மாட்டி முதல் வாய்ப்புக்குக் கிளம்பினாள். பாதி வழியில் உட்டி என்ற ஊரைத் தாண்டியதும் பேரிங் உருகி, எஞ்சின் உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோலத் தட்ட ஆரம்பித்தது. பின்னால் வந்த டிரெய்லரில் காரைக் கட்டிவிட்டு, பர்லின் பக்கத்து சீட்டில், மடியில் சாலட் பாத்திரத்தோடு அவள் மலை ஏறினாள். சாலட் பிரமாதம் என்றார்கள். அன்று அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மிச்சம் ஒரு வாய்ப்பு. அதற்கு எந்த எஞ்சின் என்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கேள்வி.

கோட்டான்கள் மதிப்பது ஒரே ஜாதி எஞ்சினைத்தான்: ஃபோர்டின் பழைய தட்டைத்தலை வி-எட்டு. எட்டு சிலிண்டர் வி வடிவில் நிற்கும், வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும், மேலே சப்பையாக ஒரு மூடி, அவ்வளவுதான். பர்லின் ஷெட்டில் அப்படி ஒன்று சும்மா கிடந்தது. பெரியது, தொண்ணூறு குதிரைச் சக்திக்கு மேல்.

"எடுத்துட்டுப் போ, காசெல்லாம் வேண்டாம்," என்றார் பர்ல். "டுவைட் எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்கான்."

நல்ல மனசோடுதான் சொன்னார். எர்லீன் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அளந்தாள். பெரிய எஞ்சினை வைக்கக் காரின் முன்சுவரை வெட்ட வேண்டும், சட்டத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், ரேடியேட்டரை மாற்ற வேண்டும். அவள் ஷெட்டின் உத்தரம் அந்தக் கனத்தைத் தாங்காது, அதனால் தூக்கி இறக்க நாலு ஆண்களைக் கூப்பிட வேண்டும். மே மாதத்தில் யாராவது கேட்டால், அது பர்ல் கொடுத்து, கோட்டான்கள் மாட்டி, எர்லீன் உட்கார்ந்து வந்த கார் என்பார்கள். அது அவளுக்குத் தாங்காது.

ஃபோர்டு அதே வி-எட்டைச் சிறிதாகவும் ஒரு காலத்தில் செய்தது. அறுபது குதிரை, கனம் பெரியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கூர்ந்து அளந்து பார்த்தால் எதையும் வெட்டாமல் ரோட்ஸ்டருக்குள் உட்காரும். ஒரு செயின் கப்பி இருந்தால் ஒற்றை ஆளாகத் தூக்கிவிடலாம். இதை அவள் கிளப்பில் சொன்னபோது வெர்ஜில் டீக் வாயிலிருந்த காபியைத் துப்பிவிட்டார். கிளப்பில் மூத்தவர் அவர்தான், எண்பத்தொன்று.

"அந்தத் தையல் மெஷினா? அதுல பாதிக் குதிரை எப்பவோ செத்துப்போயிருக்கும்மா!"

"மிச்சம் முப்பது இருக்கும்ல? அது போதும் எனக்கு. உன்னைய ஏத்திட்டுப் போனாத்தான் பத்தாது," என்றாள் எர்லீன்.

ஹான்ஃபோர்டு பக்கம் பால்பண்ணை வைத்திருக்கும் பெட்டன்கோர்ட் என்ற போர்த்துகீசியரிடம் ஒன்று இருப்பதாகப் பேருந்துப் பணிமனையில் யாரோ சொன்னார்கள். மூடுபனி விலகாத ஒரு சனிக்கிழமை முற்பகல் போனாள். அவருடைய அப்பா யுத்த சமயத்தில் ஒரு உடைந்த காரிலிருந்து எஞ்சினைப் பிரித்துத் தண்ணீர் பம்பில் பூட்டியிருக்கிறார். கியர் பாக்ஸ் கோழிக் கூண்டுக்கு முட்டாக நின்றது.

"நாப்பது வருஷம் தண்ணி இறைச்சுதும்மா. ஒரு நாள் லீவு கேட்டதில்ல," என்றார் பெட்டன்கோர்ட். "நீங்க இதைக் காருக்கு வைக்கவா போறீங்க? கார் எப்படி இருக்கும்னே இது மறந்திருக்குமே."

எர்லீன் எண்ணெய்த் தொட்டியின் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தினாள். முதலில் தண்ணீர் வந்தால் உள்ளே விரிசல் என்று அர்த்தம். எண்ணெய்தான் வந்தது, தார் போலக் கறுப்பாக. பிளக்குகளைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தாள். கைப்பிடியைப் போட்டுச் சுற்றினாள், முக்கலும் முனகலுமாகச் சுற்றியது. பேரம் பேசாமல் வாங்கினாள். பெட்டன்கோர்ட் கோழி எச்சத்தைச் சுரண்டிவிட்டு கியர் பாக்ஸையும் சும்மா ஏற்றிவிட்டார், மேலே ஒரு வட்டப் பாலாடைக்கட்டியும் வைத்தார்.

எந்த எஞ்சினையும் காரில் ஏற்றுமுன் அதை மணியடித்துப் பார்ப்பது கோட்டான்களின் வழக்கம். எல்லாவற்றையும் கழற்றி வெறும் இரும்புக் கூட்டைச் சங்கிலியில் தொங்கவிடுவார்கள். தலைவர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். இரும்பு முழுசாக இருந்தால் கோயில் மணி மாதிரி நீளமாகப் பாடும். விரிசல் இருந்தால் பாடாது. அந்த நேரத்தில் எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்கள், இருமக்கூட மாட்டார்கள்.

எர்லீன் கழற்றித் துடைத்துக் கொண்டுவந்த கூடு பர்லின் ஷெட்டில் தொங்கியது. பர்ல் தட்டினார்.

டொக்.

இன்னொரு இடத்தில் தட்டினார். டொக். பூசணிக்காயைத் தட்டினாற்போல. வெர்ஜில் முதலில் தொப்பியைப் போட்டுக்கொண்டார், பிறகு ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டார்கள்.

"செத்த எஞ்சின்மா இது," என்றார் வெர்ஜில், கிண்டலே இல்லாமல். கிண்டல் செய்திருந்தால் தேவலை.

பர்ல் சங்கிலியை இறக்கினார். "பிப்ரவரி பிறந்தாச்சு, கண்ணு. இன்னொண்ணு தேடிட்டிருக்க நேரமில்ல. நாளைக்கே நாங்க நாலு பேர் வந்து பெரிசை இறக்கித் தரோம். பிடிவாதம் பிடிக்காத."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். வீட்டுக்குப் போய், செத்த கூட்டைத் தரையில் இறக்கிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து பாலாடைக்கட்டியை வெட்டி வெட்டித் தின்றாள். அழுகையும் வந்தது. பெரிய எஞ்சினை வாங்கிக்கொள்வது என்று ஏறக்குறைய முடிவும் செய்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போலப் பேருந்தைச் சுற்றிவந்தாள். புறப்படுமுன் வண்டியைச் சுற்றி வந்து, டயரில் கட்டையால் தட்டி, பக்கங்களில் கையால் தட்டிப் பார்ப்பது ஓட்டுநரின் கடமை. இருபத்தேழு வருஷமாகத் தட்டுகிறாள். டயர் ஒரு சத்தம், முன்மூடி ஒரு சத்தம். பக்கத்துத் தகரத்தை அடித்தால் டொக். உள்ளே சட்டத்தோடு தைத்த தகரம் எங்கே பாடப்போகிறது? கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு அன்று முழுக்க ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறக்க ஒரு நொடி தாமதமானது.

சாயங்காலம் கூட்டின் பக்கங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்தாள். பெயிண்டும் துருவும் போனதும், ஓரம் முழுக்கப் பித்தளை நிறத்தில் ஒரு பற்றவைப்புக் கோடு ஓடியது. சந்தேகமே இல்லை. சிறிய எஞ்சினை ஃபோர்டு முதன்முதலில் செய்த வருஷத்துச் சரக்கு அது. தண்ணீர் ஓடும் பக்கச் சுவர்கள் வார்ப்பிரும்பு இல்லை, தகரம். அந்த ரகம் துருப்பிடித்துப் பெரும்பாலும் அந்தக் காலத்திலேயே குப்பைக்குப் போய்விட்டது. கோட்டான்களில் ஒருவரும் அப்படி ஒன்றைத் தொங்கவிட்டுத் தட்டியதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை லாரி டியூப் ரப்பரை வெட்டி, இரும்புப் பட்டைகளை வைத்து, தண்ணீர் ஓடும் ஓட்டைகள் எல்லாவற்றையும் இறுக்கி அடைத்தாள். ஒன்றில் மட்டும் டயர் வால்வைப் பொருத்தி, முள் காட்டும் மீட்டரோடு சைக்கிள் பம்பால் காற்றடித்தாள். மேலெல்லாம் சோப்புத் தண்ணீரை ஊற்றினாள். வால்வு இருக்கைகள், சிலிண்டர் ஓரங்கள் என்று உயிர்நாடியான இடங்களிலெல்லாம் ஒரு குமிழி இல்லை. இடப்பக்கத் தகரத்தில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஒரு இடம் நுரைத்துக்கொண்டே இருந்தது. வார்ப்பிரும்பு விரிசல் விட்டிருந்தால் கூட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தகரம் ஆனதால் சுரண்டி, சுடவைத்து, ஈயம் வைத்து அடைத்தாள். சட்டிப் பானைக்குச் செய்கிற வைத்தியம்தான்.

மறுநாள் ஞாயிறு காலை பத்து மணிக்குக் காற்றடித்துவிட்டு பர்லைக் கூப்பிட்டாள். அவர் வந்து மீட்டரைப் பார்த்தார். பேச்சு வாக்கில் இரண்டு காபி குடித்தார். முள் அசையவில்லை.

"ஆனா சத்தம் பொய் சொல்லாதே எர்லீன்..."

"சத்தம் ஒண்ணும் பொய் சொல்லல. நீ தகரத்தைத் தட்டிட்டு இரும்பு செத்துப்போச்சுன்னே. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டு இந்த வீட்ல ஆளில்லன்னு சொன்னா எப்படிய்யா?"

பர்ல் பற்றவைப்புக் கோட்டை விரலால் தடவினார். "நாப்பது வருஷமா மணியடிக்கறேன்," என்றார். பிறகு, "தகரம் மலையில தாங்குமா?"

"தெரியாது," என்றாள். அது அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

செயின் கப்பியில் ஒற்றை ஆளாகத் தூக்கி, எஞ்சினை ரோட்ஸ்டரில் தன் கையாலேயே மாட்டினாள். ஏப்ரல் முதல் சனிக்கிழமை மலையெல்லாம் பச்சை. பதின்மூன்று கார்கள் முன்னால் போயின. வாய்ப்புக் கேட்கிறவர் கடைசியில் வர வேண்டும், அவருக்கும் பின்னால் டிரெய்லர் பூட்டிய வெர்ஜிலின் மகனுடைய பிக்கப் வரும். அதற்குக் கிளப்பில் பிணவண்டி என்று பெயர். எர்லீன் காலடியில் இரண்டு கேன் தண்ணீர் வைத்திருந்தாள், தகரம் கசிந்தால் ஊற்றுவதற்கு. அதனால் சாலடுக்கு இடமில்லை. போன வருஷம் பேரிங் உருகிய இடத்தைச் சின்ன எஞ்சின் முணுமுணுத்துக்கொண்டே கடந்தது. அவள் மூச்சுவிட்டாள்.

கிளென்வில்லுக்கு மூன்று மைல் கீழே, இருப்பதிலேயே செங்குத்தான ஏற்றத்தில், வரிசை நின்றது. பண்ணைக்காரர்கள் மாடுகளைச் சாலை கடத்திக்கொண்டிருந்தார்கள். இருநூறு மாடு, குதிரையில் இரண்டு பேர், ஒரு நாய், யாருக்கும் அவசரமில்லை. பத்து நிமிஷம் ஆனது, கால் மணி ஆனது. திடீரென்று கண்ணாடிக்கு முன் வெள்ளையாக ஆவி கிளம்பியது. எர்லீன் தாவி இறங்கி மூடியைத் திறந்து தகரத்தைத் தடவினாள். சூடு, ஆனால் காய்ந்திருந்தது. ஆவி முன்னால் நின்ற காரிலிருந்து வந்தது. பர்ல் காரின் பெரிய எஞ்சின் கொதித்து வழிந்துகொண்டிருந்தது.

மாடுகள் போய்விட்டன. மற்றவர்கள் புறப்பட்டார்கள். பர்ல் கையை வீசினார். "போ! எனக்காக நிக்காத, எர்லீன். இந்த ஏத்தத்துல எஞ்சினை அணைச்சா அப்புறம் உன்னால கிளப்ப முடியாது. போயிடு!"

அவள் ஒரு கேன் தண்ணீரை எடுத்துப் போய் அவர் காலடியில் வைத்தாள். "ஆறினதுக்கப்புறம் ஊத்து. கொதிக்கறப்ப ஊத்திப் பெரிசை விரிசல் விட வச்சிடாத. அதையும் மணியடிச்சுப் பாக்கணுமே."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். பின்னால் பிணவண்டி இரண்டு முழ தூரத்தில் நின்றது. அறுபது குதிரை, செங்குத்து, நின்ற இடத்திலிருந்து. ஆனால் ஆற்றோர மேட்டு ஏற்றத்தில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினமும் இரண்டு தடவை நின்று கிளப்புகிறவள் அவள். கைப் பிரேக்கைப் பிடித்தபடி, கிளட்சை மெல்ல விட்டு, எஞ்சின் குரல் தாழ்கிற அந்த இடத்துக்குக் காத்திருந்து, பிரேக்கை விடுவித்தாள். கார் ஒரு சாண் பின்னால் நழுவியது. பிணவண்டி ஹாரன் அடித்தது. பிறகு ரோட்ஸ்டர் நிதானமாக, பர்லைச் சுற்றிக்கொண்டு, மேலே ஏறியது. மூன்று மைலும் அவள் இரண்டாம் கியரிலேயே போனாள், சத்தமாகச் சிரித்துக்கொண்டு.

முக்கால் மணி நேரம் கழித்து பர்ல் ஓக் மரத்தடிக்கு வந்து சேர்ந்தார், அவள் கொடுத்த தண்ணீரில். சீட்டுக்கு அடியிலிருந்து துணியில் சுற்றிய ஒரு தகட்டை எடுத்தார். புதிதாக வார்த்தது, ஓரம் இன்னும் கூராக இருந்தது. அதையும் ஸ்பானரையும் அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். எர்லீன் தானே குனிந்து திருகினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும், சாலட் எங்க?" என்றார் வெர்ஜில்.

"என் கார்ல இடமில்ல," என்றாள் எர்லீன்.

இருந்த பிஸ்கட்டையும் இரண்டு பொட்டலம் மாட்டிறைச்சி வற்றலையும் எல்லோரும் பங்கு போட்டார்கள். பசி வயிற்றோடு, அடுத்த வருஷம் எங்கே சாப்பிடுவது என்ற பேச்சு அங்கேயே எழுந்தது. பர்ல் பென்சிலை எடுத்தார். பசித்தும் ஒருவர்கூடக் கட்சி மாறவில்லை. மரத்தடிக்கு ஏழு.

"ஹோட்டலுக்கு? ஒண்ணு, ரெண்டு, மூணு..." பென்சில் ஒவ்வொரு கையாக வந்தது. "அஞ்சு, ஆறு." எர்லீனின் கைக்கு நேரே வந்து நின்றது. நகத்திடுக்கில் கிரீஸ் படிந்த கை. பர்ல் அதை நன்றாகப் பார்த்தார்.

"ஏழு," என்றார்.

ஏழுக்கு ஏழு. நாற்பது வருஷத்தில் கிளப்பில் சமமாக விழுந்ததே இல்லை. சமமானால் என்ன செய்வது என்று ரூலும் கிடையாது. ஆளுக்கு ஆள் கத்த ஆரம்பித்தார்கள்.

"பதிமூணு பேரா இருந்தப்ப இந்தத் தொல்லையே இல்ல!" என்றார் வெர்ஜில்.

"இனிமே இருக்கும்," என்றாள் எர்லீன். தூக்கிய கையை அவள் இன்னும் இறக்கவில்லை.